மருத்துவமனையில் ஏ.ஐ.: அறம் சார்ந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகள், அவர்களுடைய உறவினர்கள், மருத்துவ மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றில் கொஞ்சம் நின்று நிதானமாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையில் ஏ.ஐ. என்றால் ரோபோ டாக்டரா?

இல்லை. பெரும்பாலும் அது கண்ணில் படாத ஒரு மென்பொருள். எக்ஸ்ரேவையோ சி.டி. ஸ்கேனையோ பார்த்துச் சந்தேகம் வரும் இடத்தில் வட்டம் போடும். வார்டில் படுத்திருப்பவர்களின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை எண்கள் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஒருவர் நிலைமை மோசமாகப் போகிறது என்று எச்சரிக்கும். விழித்திரைப் படத்தில் சர்க்கரை நோயின் பாதிப்பைத் தேடும். மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும். யாருக்கு முதலில் அப்பாயின்ட்மென்ட், யாரை எத்தனை நாளில் டிஸ்சார்ஜ் செய்யலாம், எந்தச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் வரும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. கடைசியாகச் சொன்ன வேலைகளைப் பலர் ஏ.ஐ. கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் சிக்கல் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

ஏ.ஐ. டாக்டர்களைவிடத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறது என்று செய்தி வருகிறதே, அப்புறம் என்ன தயக்கம்?

அந்தத் துல்லியம் எங்கே அளந்தது, யாரை வைத்து அளந்தது என்பதுதான் தயக்கம்.

செப்சிஸ் என்று ஒன்று உண்டு. உடம்பில் ஏற்பட்ட ஒரு தொற்றுக்கு உடம்பே கட்டுமீறி எதிர்வினை காட்டி, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலை. சில மணி நேரம் முன்னால் தெரிந்தாலே உயிர் பிழைக்க வாய்ப்பு கூடும். இதை முன்கூட்டியே சொல்லும் ஒரு மென்பொருளை அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்தி வந்தன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் சொந்த மருத்துவமனையில் அதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கோட்டை விட்டிருந்தது. அதே சமயம், மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. தயாரித்தவர்கள் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் நிறைய தூரம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காகிதமும் பேனாவும் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். 100 பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். கருவி, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரைச் சோதித்தால் நோய் உள்ளவர்கள் 10 பேர். அவர்களில் 9 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் 'நோய் இருக்கிறது' என்று வரும். ஆக மொத்தம் 108 பேர் பதறிக்கொண்டு நிற்பார்கள், அவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். விளம்பரத்தில் '90 சதவீதத் துல்லியம்' என்று போட்டால் பொய் இல்லை. ஆனால் அந்த 99 பேரும் ஊசியும் ஸ்கேனும் தூக்கமில்லாத இரவுமாக அலைவது அந்த எண்ணில் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு ஏழை, பணக்காரர், கறுப்பு, வெள்ளை எதுவும் தெரியாதே. அது எப்படிப் பாரபட்சம் காட்டும்?

யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் எழுத வேண்டியதில்லை. பழைய தரவைக் காட்டி அதற்குக் கற்றுக்கொடுப்பதைத்தான் பழக்குவது என்கிறோம். என்ன கேள்வி கேட்டு அதைப் பழக்குகிறோம் என்பதிலேயே பாரபட்சம் நுழைந்துவிடும்.

2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். நாள்பட்ட நோய் உள்ளவர்களில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் ஒரு மென்பொருள் பரவலாகப் பயன்பட்டது. யார் அதிகம் நோயுற்றவர் என்பதை நேரடியாக அளப்பது கடினம். அதனால் வருங்காலத்தில் யாருக்கு மருத்துவச் செலவு அதிகமாகும் என்பதை அது கணித்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நோய் அதிகமானால் செலவும் அதிகமாகும்தானே? ஆனால் கறுப்பினத்தவருக்கு மருத்துவ வசதி எட்டுவதே குறைவு. அதே அளவு நோய் இருந்தாலும் அவர்களுக்காகச் செலவான பணம் குறைவு. செலவு குறைவு என்பதால் மென்பொருள் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது. இந்தப் பிழையைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்வார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த மென்பொருளில் இனம் என்ற தகவலே உள்ளீடாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

'அந்த விவரத்தை நீக்கிவிட்டால் போச்சு' என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. வெறும் மார்பு எக்ஸ்ரேவைப் பார்த்தே நோயாளியின் இனத்தை ஏ.ஐ. சொல்லிவிடுகிறது என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. படத்தில் எதை வைத்துச் சொல்கிறது என்று ஆய்வாளர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

பிழை சில நேரம் மென்பொருளுக்கு முன்னாலேயே, அளக்கும் கருவியிலேயே இருக்கும். விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், கறுப்புத் தோல் உள்ளவர்களிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதைத் தவறவிடும் வாய்ப்பு வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த எண்ணைத் தின்று வளரும் ஏ.ஐ. எவ்வளவு புத்திசாலியாக இருந்து என்ன பயன்?

ஏன் அப்படிச் சொன்னது என்று விளக்க முடியாத ஏ.ஐ.யை நம்பலாமா?

இதில் என் கருத்து பலரிடமிருந்து கொஞ்சம் மாறுபடும். எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரியாமலேயே நாம் பயன்படுத்தும் மருந்துகள் உண்டு. பாராசிட்டமாலின் செயல்பாடே இன்னும் முழுமையாகத் தெளிவானதில்லை. முறையான பரிசோதனையில் பலன் தெரிந்திருக்கிறது, பக்கவிளைவும் தெரிந்திருக்கிறது, அதனால் கொடுக்கிறோம். ஏ.ஐ.க்கும் இந்த வாதம் ஓரளவு செல்லும்.

ஆனால் உள்ளே பார்க்க முடிந்ததால் மட்டுமே தப்பிய ஆபத்தும் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நிமோனியாவுடன் வருபவர்களில் யாரை மருத்துவமனையில் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று கணினிகளைக் கணிக்கச் சொன்னார்கள். மிகத் துல்லியமாகக் கணித்தது ஒரு நியூரல் நெட்வொர்க், அதாவது மூளையின் நரம்பு வலையைப் பார்த்து அமைத்த ஒரு வகை மென்பொருள். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. அதே தரவில் பழகிய, உள்ளே படித்துப் பார்க்கக்கூடிய இன்னொரு மென்பொருள் ஒரு விசித்திரமான விதியைக் கற்றிருந்தது: ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவில் சாகும் அபாயம் குறைவு. மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். விசாரித்தால் விஷயம் எளிது. ஆஸ்துமா நோயாளிக்கு நிமோனியா என்றால் நேரே ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தத் தீவிரக் கவனிப்பால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கணினி கவனிப்பைப் பார்க்கவில்லை, பிழைத்ததை மட்டும் பார்த்தது. அந்த விதியை நம்பி ஆஸ்துமா நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நியூரல் நெட்வொர்க்கும் அதையே கற்றிருக்கும் என்ற பயத்தில் அதைக் கைவிட்டார்கள்.

கோவிட் காலத்திலும் இப்படி நடந்தது. எக்ஸ்ரேவிலும் சி.டி.யிலும் கோவிட்டைக் கண்டுபிடிக்கிறோம் என்று குவிந்த கட்டுரைகளை 2021-இல் ஒரு குழு அலசியது. தேறிய 62 ஆய்வுகளில் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தும் நிலையில் இல்லை. சில ஆய்வுகளில் கோவிட் படங்கள் எல்லாம் பெரியவர்களுடையவை, கோவிட் இல்லாத படங்கள் குழந்தைகளுடையவை. அப்படிப் பழகிய மென்பொருள் பெரியவரா குழந்தையா என்று மட்டும் பார்த்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் அழகான விளக்கம் தேவையா என்றால், கட்டாயமில்லை. ஆனால் வேறு மருத்துவமனையில், வேறு மெஷினில், வேறு மக்களிடம் சோதித்த ஆதாரம் கட்டாயம் வேண்டும். வண்ணம் பூசி 'இந்த இடத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்' என்று காட்டும் படங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எங்கே பார்த்தது என்று தெரிவதால் ஏன் சொன்னது என்று தெரிந்துவிடாது.

கடைசி முடிவு டாக்டர்தானே எடுக்கிறார், அது போதாதா?

எந்த மருத்துவமனையைக் கேட்டாலும், எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்: 'ஏ.ஐ. ஆலோசனை மட்டும்தான் சொல்லும், முடிவு மனிதருடையது.' இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். ஏனென்றால் மற்ற எல்லாக் குறைகளுக்கும் இந்தப் பதிலைத்தான் பாதுகாப்பாகக் காட்டுகிறார்கள்.

2023-இல் ரேடியாலஜி இதழில் ஒரு பரிசோதனை வெளியானது. ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் படிக்கும் மருத்துவர்களான 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் புற்றுநோய் சந்தேகத்தின் அளவுப்படி வகைப்படுத்தச் சொன்னார்கள். பக்கத்தில் 'ஏ.ஐ. சொன்ன வகை' என்று ஒன்று இருக்கும். சில படங்களில் வேண்டுமென்றே தவறான வகையைப் போட்டு வைத்திருந்தார்கள். அனுபவம் குறைந்தவர்கள், ஏ.ஐ. சரியாகச் சொன்ன படங்களில் சுமார் 80 சதவீதம் சரியாக வகைப்படுத்தினார்கள், தவறாகச் சொன்ன படங்களில் சுமார் 20 சதவீதம்தான். சரி, புதியவர்கள், ஏமாந்துவிட்டார்கள் என்று விடலாம். நீண்ட அனுபவம் உள்ளவர்களும் 82 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்கு இறங்கினார்கள். படம் அவர்கள் கண் முன்னால்தான் இருந்தது, படிப்பும் அனுபவமும் இருந்தன. பக்கத்தில் இருந்த 'ஏ.ஐ. சொன்ன வகை' அவர்களை இழுத்துவிட்டது.

இது சோம்பேறித்தனம் அல்ல. நூறு முறை சரியாகச் சொன்ன ஒன்றை நூற்றியோராவது முறையும் நம்புவது மனித இயல்பு. அதனால் 'மனிதர் பார்க்கிறார்' என்று சொன்னால் மட்டும் போதாது, அவரால் உண்மையிலேயே மறுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மறுக்க முதலில் நேரம் வேண்டும். ஏ.ஐ. வந்துவிட்டது என்று ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டிய ஸ்கேன்களை இரண்டு மடங்காக்கிவிட்டு, எல்லாவற்றையும் மருத்துவர் சரிபார்க்கிறார் என்றால் அது கணக்குக்குத்தான். அடுத்து, ஏ.ஐ. சொன்னதைத் தள்ளுவதற்கு மூன்று பக்கம் படிவம் நிரப்ப வேண்டும், ஒத்துப்போக ஒரே ஒரு பட்டன் என்று வைத்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுத்தவரை மேலதிகாரி அழைத்து 'சிஸ்டம் சொன்னதை ஏன் கேட்கவில்லை' என்று கேட்கும் இடத்தில் இரண்டாவது தடவை யாரும் மறுக்கமாட்டார்கள். நர்ஸுக்கு இது இன்னும் கஷ்டம். படுக்கைப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர் அவர், 'இவர் முகமே சரியில்லை' என்று முதலில் கவனிப்பவரும் அவர். ஆனால் திரையில் பச்சை நிறம் இருக்கும்போது அவர் பேச்சு எடுபடுமா?

இதற்கு ஓரளவு உதவும் வழி ஒன்று உண்டு. மருத்துவர் முதலில் தன் கருத்தைப் பதிவு செய்துவிட வேண்டும், அதன் பிறகே ஏ.ஐ.யின் கருத்து திரையில் திறக்க வேண்டும். கொஞ்சம் நேரம் கூடும், விற்பவர்களுக்குப் பிடிக்காது. என்றாலும் முதல் பார்வை சுதந்திரமாக இருக்கும்.

தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

இன்றைய நிலையில் பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட மருத்துவர். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேலே சொன்ன நிலைமைகளில் ஒரு மனிதரை உட்காரவைத்துவிட்டு, தப்பு நடந்ததும் அவரை மட்டும் முன்னால் தள்ளுவது பலிகடா ஆக்கும் வேலை. நேரம் கொடுக்காத நிர்வாகத்துக்கும், வேறு மக்களிடம் சோதிக்காமல் விற்ற நிறுவனத்துக்கும் பங்கு இருக்க வேண்டும்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2018 ஏப்ரலில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., மருத்துவர் படத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் தானாகவே முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்திருக்கிறதா என்று பார்க்கும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவி அது. அதைத் தயாரித்த நிறுவனம், கருவி தவறினால் பொறுப்பு தங்களுடையது என்று ஏற்றுக்கொண்டு அதற்கான காப்பீடும் எடுத்தது. முடிவைத் தானே எடுக்கும் என்று சொல்லி விற்பவர்கள் விளைவையும் ஏற்பதுதான் முறை. 'எங்கள் கருவி டாக்டரைவிட மேல்' என்று விளம்பரத்திலும், 'இது ஆலோசனை மட்டுமே' என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்திலும் போடுபவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஏ.ஐ. இல்லாத காலத்துப் பழைய கதை ஒன்றும் இங்கே பொருந்தும். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. சிலர் இறந்தார்கள். மென்பொருள் பிழை ஒரு முக்கியக் காரணம். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று வந்தது. அது என்ன என்று கையேட்டில் விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வருவது வழக்கமாகிவிட்டதால், இயக்குபவர் ஒரு விசையைத் தட்டி மேலே தொடர்ந்தார். நோயாளிகள் சூடு பட்டதுபோல் இருக்கிறது என்று சொன்னபோதும், எந்திரம் அப்படிச் செய்ய வாய்ப்பே இல்லை என்று நிறுவனம் ஆரம்பத்தில் அடித்துச் சொன்னது. எந்திரம் தப்பு செய்யாது என்ற நம்பிக்கையால் நோயாளி சொன்னது காதில் ஏறவில்லை.

ஏ.ஐ. பயன்படுத்துவதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அல்ல. ஸ்கேன் படத்தைத் தெளிவாக்கும் மென்பொருளுக்கெல்லாம் கையெழுத்து வாங்கினால், காகிதம் குவியும், யாரும் படிக்கமாட்டார்கள். ஏ.ஐ. சொல்வதால் சிகிச்சை மாறும் என்றால், உங்கள் பேச்சு பதிவாகிறது என்றால், மருத்துவர் எழுதியதாக நினைத்து நீங்கள் படிக்கும் பதிலை உண்மையில் மென்பொருள் எழுதியிருக்கிறது என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. சிகிச்சை சம்பந்தமாக ஏ.ஐ. எழுதிய செய்தி நோயாளிக்குப் போனால் அதில் அப்படிக் குறிப்பிட வேண்டும், மனிதரைத் தொடர்புகொள்ளும் வழியையும் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் படித்துச் சரிபார்த்து அனுப்பினால் விலக்கு உண்டு. படித்தாரா, மேலோட்டமாகப் பார்த்து அனுப்பினாரா என்பது பழையபடி அந்த 'மனிதர் பார்க்கிறார்' கேள்விதான்.

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை கொஞ்சம் சிக்கலானது. வார்டு முழுவதையும் கண்காணிக்கும் ஒரு மென்பொருளிலிருந்து ஒரே ஒரு படுக்கையை விலக்குவது எளிதல்ல. ஆனாலும் நோய் இன்னதென்று தீர்மானிக்கும் இடத்திலாவது 'மனிதர் ஒருவர் தனியாகப் பார்க்கட்டும்' என்று கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

என் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை விவரங்களை வைத்து ஏ.ஐ.யைப் பழக்குகிறார்களா? பெயரை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லையே?

பழக்குகிறார்கள். பழக்காமல் இந்தக் கருவிகளே இல்லை. எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனைக் குழுமம், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை எச்சரிக்கும் ஒரு செயலிக்காகச் சுமார் 16 லட்சம் பேரின் விவரங்களைக் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனத்திடம் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நோயாளிகளுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிவிட்டது என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2017-இல் சொன்னது. நல்ல நோக்கம் அனுமதிச் சீட்டு ஆகாது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

பெயரை எடுத்துவிடுவது பற்றி: 1990-களிலேயே லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பெயர் நீக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளையும் வாக்காளர் பட்டியலையும் ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அதற்குப் போதுமானதாக இருந்தன. தலை ஸ்கேனில் இன்னும் மோசம். எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தை மீட்டெடுத்து, முகம் கண்டறியும் மென்பொருளைக் கொண்டு 84 பேரில் 70 பேரைச் சரியாக அடையாளம் கண்டது 2019-இல் வந்த ஓர் ஆய்வு. பெயரை நீக்குவது தேவைதான், ஆனால் அதோடு பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தரவை வெளியே அனுப்பாமல், மென்பொருளை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து பழக்கும் முறைகள் இப்போது இருக்கின்றன. முடிந்த இடத்தில் அதுதான் நல்லது.

டாக்டர் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும் ஏ.ஐ. பற்றி?

இதை நான் ஓரளவு வரவேற்கிறேன். மருத்துவர் கீபோர்டைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேச முடிகிறது. ஆனால் இந்தக் கருவிகள் பேசாததையும் எழுதிவிடும். விஸ்பர் என்ற பேச்சுணர் மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, சுமார் ஒரு சதவீதப் பதிவுகளில் யாருமே சொல்லாத சொற்றொடர்களோ முழு வாக்கியங்களோ இருந்தன. பேச்சில் இடைவெளி அதிகம் விடுபவர்களிடம், அதாவது பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு பாதித்தவர்களிடம், இது கூடுதலாக நடந்தது. மருத்துவமனைக்கு வருபவர்களில் திக்கித் திணறிப் பேசுபவர்களும் உண்டுதானே. எழுத்து சரியா என்று பிறகு பார்க்க மூல ஒலிப்பதிவு கொஞ்ச காலமாவது இருக்க வேண்டும். ரகசியம் காப்பதற்காக உடனே அழித்துவிடுகிறோம் என்றால், தப்பைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியும் அதோடு போய்விடும்.

டாக்டரே இல்லாத இடத்தில் குறையுள்ள ஏ.ஐ.யாவது இருக்கட்டுமே?

வலுவான வாதம், லேசாகத் தள்ள முடியாது. சர்க்கரை நோயால் பார்வை போவதைச் சரியான நேரத்தில் பார்த்தால் பெருமளவு தடுக்கலாம், பார்க்க நிபுணர்கள்தான் போதாது.

கூகுள் குழு இதற்கான கருவியைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தது. ஆய்வகத்தில் அந்தக் கருவி நிபுணர்களுக்கு ஈடாக வேலை செய்திருந்தது. கிளினிக்கில் நர்ஸ்கள் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது ஏற்கவே மறுத்தது. விழித்திரையைப் படம் எடுக்க இருட்டு அறை வேண்டும், பல இடங்களில் அது இல்லை. இணையம் மெதுவாக இருந்ததால் படம் ஏறுவதற்குள் வரிசை நீண்டது. படம் ஏற்கப்படாதவர்களை வேறொரு நாள் நிபுணரிடம் போகச் சொன்னார்கள், வேலையை விட்டுவிட்டு தூரம் பயணம் செய்ய வேண்டும். இந்த அலைச்சலைப் பார்த்துச் சில நர்ஸ்களே நோயாளிகளிடம் இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஆக, 'ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று' என்ற வாதத்தில் அந்த ஏதோ ஒன்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நோய் இருக்கிறது என்று சொன்ன பிறகு சிகிச்சை கொடுக்க ஆள் இல்லை என்றால், அந்தக் கண்டுபிடிப்பு நோயாளிக்குக் கவலையை மட்டும்தான் கொடுக்கும். அப்புறம், வசதி உள்ளவருக்கு மனித மருத்துவர், வசதி இல்லாதவருக்கு மென்பொருள் என்று நிரந்தரமாகப் பிரிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. தற்காலிக ஏற்பாடு என்று வந்தவை எவ்வளவு காலம் தங்கிவிடும் என்று நமக்குத் தெரியும்.

அப்படியென்றால் ஏ.ஐ.யே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. நன்றாகச் சோதித்து நிரூபித்த ஒன்றை ஒதுக்கி வைப்பதும் தவறுதான். சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து மேமோகிராம் பரிசோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு வழக்கம்போல் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் பார்த்தார்கள். இன்னொரு குழுவில் ஏ.ஐ. முதலில் பிரித்துக் கொடுத்தது: அபாயம் குறைந்த படங்களை ஒருவர், அதிகமானவற்றை இருவர். 2023-இல் வெளியான முதற்கட்ட முடிவில் ஏ.ஐ. குழுவில் 244 பேருக்கும் மற்றதில் 203 பேருக்கும் புற்றுநோய் தெரிந்தது. படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. குலுக்கல் முறையில் பிரித்து, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வைத்தார்கள். நான் கேட்பது இந்த மாதிரியான உழைப்பைத்தான்.

டாக்டர்களின் திறமை மழுங்கிவிடாதா?

அறிகுறி தெரிகிறது. போலந்தில் பெருங்குடல் பரிசோதனை செய்யும் அனுபவசாலிகளை வைத்து ஓர் ஆய்வு 2025-இல் வந்தது. ஏ.ஐ. பழக்கத்துக்கு வருவதற்கு முன் 28.4 சதவீதப் பரிசோதனைகளில் கட்டிகளைக் கண்டுபிடித்தவர்கள், பழகிய பிறகு ஏ.ஐ. இல்லாமல் செய்தவற்றில் 22.4 சதவீதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரே ஓர் ஆய்வு, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் சர்வர் விழுந்துபோன நாளில் யார் பார்ப்பார்கள் என்று மருத்துவமனைகள் இப்போதே யோசித்து வைப்பது நல்லது. எனக்கு அதிகக் கவலை மாணவர்களைப் பற்றி. அந்த அனுபவசாலிகளிடம் மழுங்குவதற்கு ஒரு திறமையாவது இருந்தது, ஆரம்பத்திலிருந்தே வட்டம் போட்ட படத்தைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு அது உருவாகவே வாய்ப்பு குறைவு.

இன்சூரன்ஸ் கோரிக்கையை ஏ.ஐ. நிராகரிக்கலாமா?

கூடாது. நிராகரிப்பதற்கு ஒரு மருத்துவர் உங்கள் கேஸைப் படித்திருக்க வேண்டும். சிகிச்சை தேவையில்லை என்று மறுக்கும் முடிவைத் தகுதியுள்ள மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025 முதல் சட்டமே போட்டிருக்கிறது.

சட்டமும் வழிகாட்டுதல்களும் என்ன சொல்கின்றன?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆறு கோட்பாடுகளை வெளியிட்டது, சாட்பாட் வகை ஏ.ஐ.க்கென்று 2024-இல் தனி வழிகாட்டுதலும் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-இல் தன்னுடைய நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. இவை சட்டங்கள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, அதன் விதிகள் படிப்படியாக அமலாகின்றன. மருத்துவக் கருவிகளில் உள்ள ஏ.ஐ. பெரும்பாலும் அதில் அதிக ஆபத்து வகையில் சேரும். காகிதத்தில் எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மருத்துவமனை கருவியை வாங்கிய பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் தவறுகளை எண்ணிப் பார்க்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நோயாளியோ உறவினரோ நேரில் என்ன கேட்கலாம்?

சண்டை போடும் தொனி வேண்டாம், சாதாரணமாகவே கேட்கலாம். இந்த ரிப்போர்ட்டை ஏ.ஐ. பார்த்ததா, மனிதர் பார்த்தாரா, இருவருமா? இருவரும் என்றால் ஏதாவது கருத்து வேறுபாடு இருந்ததா? எங்களைப் போன்ற வயது, நோய் உள்ளவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்களா? எங்கள் விவரங்கள் இந்த மருத்துவமனைக்கு வெளியே போகிறதா? மருத்துவருக்கு எல்லாப் பதிலும் கையில் இருக்காது, அது தவறில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றால் நல்ல மருத்துவர். 'கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது' என்பதோடு நிறுத்திக்கொண்டால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அப்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், ஸ்கேன் படங்களையும் குறுந்தகட்டிலோ லிங்க்காகவோ கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மருத்துவர் ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு முன்னால் படத்தைப் பார்க்கட்டும்.